தாலிக், ஆன்செர்ல், குபெலிக்: ஒரே ஒரு 'மா வ்லஸ்த்' வாங்குவதென்றால் எது?

போன மாதம் ஒரு நண்பர் கேட்டார். "செக் நாட்டு இசையை ஒழுங்காகக் கேட்க ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் 'மா வ்லஸ்த்' ஒன்றே ஒன்று வாங்கப் போகிறேன். சுப்ராஃபோன் நிறுவனத்தின் இசைத்தட்டுப் பட்டியலைப் பார்த்தால் அதே இசை, அதே ஆர்கெஸ்ட்ரா, நடத்துநர் மட்டும் மாறி மாறி வருகிறார். எதை எடுப்பது?"

"ஆன்செர்ல், 1963" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். போட்ட பிறகு மனசு கேட்கவில்லை. என் அலமாரியில் மூன்று 'மா வ்லஸ்த்' பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மூன்றையும் பல வருடங்களாக மாற்றி மாற்றிக் கேட்டு வருகிறேன். ஒன்றின் பெயரை மட்டும் சொல்லி மற்ற இரண்டையும் விட்டுவிட்டோமே என்று உறுத்தியது. அன்று ராத்திரி மூன்றையும் திரும்ப எடுத்துக் கேட்டேன். பதில் மாறவில்லை. ஆனால் இப்படிப்பட்ட பதிலைக் காரணம் சொல்லாமல் கொடுக்கக்கூடாது.

முதலில் இசையைப் பற்றிக் கொஞ்சம். 'மா வ்லஸ்த்' என்றால் 'என் தாயகம்'. ஆறு தனித்தனி ஆர்கெஸ்ட்ரா படைப்புகள் சேர்ந்த ஒரு தொகுதி. மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடும். பிராக் நகரத்துப் பாறைக் கோட்டையான விஷெஹ்ராட் முதலாவது. வல்தவா ஆறு இரண்டாவது. உலகம் முழுக்கத் தெரிந்தது இது ஒன்றுதான். மூன்றாவது ஷார்கா, ஆண்களைப் பழிவாங்கிய ஒரு வீராங்கனையின் கதை. நான்காவது பொஹீமியாவின் வயல்களும் தோப்புகளும். ஐந்தாவது தாபோர், பதினைந்தாம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தத்துக்காகப் போரிட்ட ஹுஸ்ஸைட் போராளிகளின் ஊர். ஆறாவது பிளானிக், அந்தப் போராளிகள் உள்ளே உறங்கிக்கொண்டு நாட்டுக்கு ஆபத்து வரும்போது எழுந்து வருவார்கள் என்று நம்பப்படும் மலை.

1874 அக்டோபரில் ஸ்மெதனாவுக்கு இரண்டு காதும் முழுக்க அடைத்துப்போனது. வல்தவாவை அவர் எழுத ஆரம்பித்தது அதே ஆண்டு நவம்பர் 20. முடித்தது டிசம்பர் 8. மூன்று வாரம்கூட இல்லை. காது போன சில வாரங்களுக்குள், இரண்டு புல்லாங்குழல்கள் ஒன்றையொன்று துரத்தி ஓடும் அந்தத் தொடக்கத்தை, ஒரு ஓடை குளிர்ந்ததாகவும் மற்றொன்று வெதுவெதுப்பானதாகவும், அவர் மனதுக்குள் மட்டுமே கேட்டு எழுதினார். ஆறு பாகங்களும் சேர்ந்து முதல்முதலாக அரங்கேறியது 1882 நவம்பர் 5, பிராக்கின் ஜோஃபின் தீவில். அவர் இறந்தது 1884 மே 12. இன்றைக்கும் 'பிராக் வசந்தம்' இசைவிழா அந்த மே 12 அன்று, இதே படைப்பை வாசித்துத்தான் தொடங்குகிறது. 1952 முதல் இருக்கும் வழக்கம் இது.

இதனால்தான் இந்த ஒரு படைப்பின் ஒலிப்பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த நாட்டின் இருபதாம் நூற்றாண்டு முழுக்கத் தெரியும். அந்த வரிசையைக் கையில் வைத்திருப்பது சுப்ராஃபோன்.

சுப்ராஃபோன் என்ற பெயர் 1932 இல் பதிவானபோது அது மின்சாரத்தில் ஓடும் ஒரு ரெக்கார்டு பிளேயரின் பெயர். போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவின் இசைத்தட்டுத் தொழில் அரசுடைமை ஆனது. வெளிநாட்டுக்குப் போகும் தட்டுகளில் இந்தப் பெயர் வந்து, அப்புறம் நிறுவனத்தின் பெயராகவே ஆகிவிட்டது. அரசுடைமை என்பதால் தணிக்கை உண்டு, அரசியல் உண்டு. கூடவே ஒரு நன்மையும் உண்டு: விற்குமா விற்காதா என்று மட்டும் பார்க்காமல், ஸ்மெதனா, த்வோர்ஷாக், யானாச்செக், சூக், மார்ட்டினு என்று செக் இசையமைப்பாளர் ஒருவரையும் விடாமல் பதிவு செய்துகொண்டே போனார்கள். பெரும்பாலும் பிராக்கின் ருடால்ஃபினம் கட்டடத்தின் த்வோர்ஷாக் அரங்கில், பெரும்பாலும் செக் ஃபில்ஹார்மோனிக்கைக் கொண்டு. அந்த ஆர்கெஸ்ட்ராவின் முதல் கச்சேரியை 1896 ஜனவரி 4 அன்று அதே அரங்கில் நடத்தியவர் த்வோர்ஷாக்தான். ஒரே அரங்கு, ஒரே ஆர்கெஸ்ட்ரா, ஒரே நிறுவனம் என்று பல தலைமுறை ஓடியதால் நமக்குக் கிடைக்கும் வசதி: வித்தியாசம் கேட்டால், அதில் பெரும்பங்கு நடத்துநருடையது அல்லது காலத்தினுடையது.

சரி, இப்போது மூன்று தட்டுகள்.

வயதில் மூத்தது வாட்ஸ்லாவ் தாலிக் 1954 இல் செய்தது. 1919 இலிருந்து 1941 வரை செக் ஃபில்ஹார்மோனிக்கை வளர்த்து ஆளாக்கியவர் இவர். இளம் வயதில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் வயலின் வாசித்தவர். 'மா வ்லஸ்த்'தை 1929 இலேயே எச்.எம்.வி.க்காகப் பதிவு செய்தார். அப்போது ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் நாலைந்து நிமிடம்தான் கொள்ளும், வல்தவா ஆற்றை மட்டும் கேட்பதற்கே இரண்டு தடவை தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டும். 1941 இல் மறுபடி ஒன்று. 1954 இல் மூன்றாவது.

இடையில் நடந்ததைத் தெரிந்துகொண்டு கேட்டால் இந்தத் தட்டின் கனம் புரியும். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் நாட்டை விட்டுப் போகாமல் இசை நடத்திய காரணத்துக்காக, போர் முடிந்ததும் தாலிக்கைக் கைது செய்து சிறையில் வைத்தார்கள். குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் புதிய ஆட்சியில் அவரைப் பிடிக்காதவர்கள் மேலே இருந்தார்கள். 1948 இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு பிராக்கில் மேடை கிடைப்பதே அரிதானது. பிராட்டிஸ்லாவாவுக்குப் போய் ஸ்லோவாக் ஃபில்ஹார்மோனிக்கைக் கட்டியெழுப்பினார். தன் சொந்த ஆர்கெஸ்ட்ராவுடன் சேர அவருக்குத் திறந்திருந்த வாசல் ஒலிப்பதிவுக் கூடம்தான். அவருடைய கடைசிப் பொதுக் கச்சேரி நடந்த அதே 1954 இல் இந்தப் பதிவும் நடந்தது. எழுபதைத் தாண்டிய மனிதர்.

அதில் என்ன கேட்கிறது என்றால், தந்தி வாத்தியங்கள் மூச்சு விடுவது கேட்கிறது. பொஹீமியாவின் வயல்கள் என்ற நான்காவது பாகத்தைப் போட்டுப் பாருங்கள். முதலில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் அலையாக எழும். வயல்வெளியைத் திடீரென்று முதல்முறை பார்த்தவன் திகைத்து நிற்பதுபோல. அது அடங்கிய பிறகு வயலின்கள் ஒலியை மென்மையாக்கும் அடைப்பான் மாட்டிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு மெல்லிய சரத்தைக் கையிலெடுத்துப் பின்னத் தொடங்கும். வெயிலில் இலைகள் அசையும் சத்தம்தான் அது. தாலிக் இங்கே தாளத்தைப் பிடித்துக் கட்டுவதில்லை. ஒரு சொற்றொடரின் நடுவில் மயிரிழை அளவு தாமதித்து, முடியும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். எங்கே எடுத்தார், எங்கே கொடுத்தார் என்று கண்டுபிடிக்க நான் பலமுறை முயன்றிருக்கிறேன். கை நழுவிக்கொண்டே போகிறது. இந்தப் பாகத்துக்கு எனக்கு இதைவிடப் பிடித்த பதிவு கிடையாது.

குறை என்ன? மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரியாத ஒற்றைத் தட ஒலி. ஒலி ஒரு சட்டகத்துக்குள் அடைபட்டிருக்கும். தாபோரிலும் பிளானிக்கிலும் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து எழும் இடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு கடினமாக ஒலிக்கும். ஏற்கெனவே இந்த இசையைத் தெரிந்தவருக்கு அது பொருட்டே இல்லை. காது தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும். புதிதாக வருபவருக்கு இட்டு நிரப்ப எதுவும் இருக்காது. ஒலியின் வயதை இசையின் குறையாக எடுத்துக்கொண்டுவிடுவார். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் என் மனசுக்கு மிக நெருக்கமான தட்டை நண்பருக்கு முதலில் சொல்லவில்லை.

இரண்டாவது, கரெல் ஆன்செர்ல், 1963. தாலிக்கிடம் நடத்துநர் கலை படித்தவர். யூதர். 1942 இல் குடும்பத்தோடு நாஜிகளின் டெரெசின் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கைதிகளைக் கொண்டு ஒரு தந்தி ஆர்கெஸ்ட்ரா அமைத்து நடத்தினார். சக கைதியான பாவெல் ஹாஸ் அந்த ஆர்கெஸ்ட்ராவுக்காகவே ஒரு படைப்பு எழுதினார். 1944 அக்டோபரில் எல்லாரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். ஹாஸ் அங்கே கொல்லப்பட்டார். ஆன்செர்லின் மனைவியும் சின்னஞ்சிறு மகனும் கொல்லப்பட்டார்கள். ஆன்செர்ல் மட்டும் பிழைத்தார். போர் முடிந்து டெரெசினில் ஹாஸின் அந்தப் படைப்பின் வாத்தியப் பிரதிகளைத் தேடிக் கண்டெடுத்ததும் அவர்தான். இன்று அது வாசிக்கப்படுவது அதனால்தான்.

1950 இல் செக் ஃபில்ஹார்மோனிக்கின் பொறுப்புக்கு வந்து 1968 வரை இருந்தார். சோவியத் டாங்கிகள் பிராக்குக்குள் வந்தபோது வெளிநாட்டில் இருந்தவர், பிறகு டொரான்டோவில் குடியேறினார். 1973 இல் அங்கேயே இறந்தார். நடுவிலிருந்த அந்தப் பதினெட்டு வருடத்தில் அவர் சுப்ராஃபோனுக்குச் செய்த பதிவுகளைத்தான் பின்னாளில் 'ஆன்செர்ல் கோல்டு எடிஷன்' என்று நாற்பதுக்கு மேற்பட்ட சிடிக்களாக வெளியிட்டார்கள். அந்த வரிசையில் முதல் சிடி எது தெரியுமா? 1963 இன் 'மா வ்லஸ்த்'.

இவ்வளவும் தெரிந்துகொண்டு தட்டைப் போட்டால், துக்கம் கொட்டும் என்று எதிர்பார்ப்போம். கொட்டாது. ஆன்செர்ல் எதையும் அழுத்திச் சொல்வதில்லை. தாளம் நிமிர்ந்த முதுகெலும்போடு நிற்கிறது. வல்தவாவில் கல்யாணக் கூட்டம் வரும் இடத்தில் போல்கா நடனத்தைப் பலர் குழைத்து இனிப்பாக்கிவிடுவார்கள். ஆன்செர்ல் கையில் அது உண்மையிலேயே கால் தரையில் படும் நடனம். அடுத்து வரும் நிலவொளிப் பகுதியில் வயலின்கள் மேலே மெலிந்து நீளும்போது, அடியில் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் ஓடும் சிற்றலைகள் ஒவ்வொன்றும் எண்ணும்படி கேட்கும். எந்தக் குரலும் வேறொரு குரலுக்குப் பின்னால் ஒளிவதில்லை. எழுதப்பட்டது அத்தனையும் காதுக்கு வந்து சேர்கிறது, ஆனால் பாடம் எடுக்கும் வறட்சி துளியும் கிடையாது.

அந்தக் காலத்துச் செக் காற்று வாத்தியங்களின் குணத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஹார்ன் வாசிப்பவர்கள் நீண்ட ஸ்வரத்தை லேசாக அசைத்து, குரலில் பாடுவதுபோல வாசிப்பார்கள். ஜெர்மனியிலோ லண்டனிலோ அப்படி வாசிக்கமாட்டார்கள். பிளானிக்கில் ஒரு மேய்ப்பன் குழலூதும் இடம் வரும். ஓபோ பாட, ஹார்ன் பதில் சொல்லும். 1963 பதிவில் அந்த ஹார்னின் பதிலில் மெல்லிய ஒரு நடுக்கம் இருக்கிறது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன். இன்றைக்கு உலகத்து ஆர்கெஸ்ட்ராக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கத் தொடங்கிவிட்டன. அந்த ஊர்க்குரல் இனி பெரும்பாலும் பழைய ஒலிநாடாக்களில்தான். சுப்ராஃபோனின் சொத்து என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

குறை சொல்லவேண்டுமென்றால், கோல்டு எடிஷன் சிடியில் மேல் ஸ்தாயி என் காதுக்குக் கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் வயலின்களில் அது தெரியும்; ஸ்பீக்கரில் அவ்வளவாக இல்லை. அறுபது வருடம் தாண்டிய ஸ்டீரியோ பதிவுக்கு அந்த ஆழமும் இடைவெளியும் ஆச்சரியம்தான்.

மூன்றாவது, ரஃபயேல் குபெலிக், 1990 மே 12. இதை இசைத்தட்டு என்பதைவிட ஒரு நாள் என்றே சொல்லலாம். புகழ்பெற்ற வயலின் கலைஞர் யான் குபெலிக்கின் மகன். 1946 இல் 'பிராக் வசந்தம்' விழா முதல்முறை நடந்தபோது செக் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநர் இவர்தான். 1948 இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிய சில மாதங்களில், எடின்பரோ விழாவில் நடத்துவதற்கு என்று பிரிட்டனுக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த ஆட்சி இருக்கும்வரை திரும்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். வெளியே இருந்த வருடங்களில் 'மா வ்லஸ்த்'தை சிகாகோவில், வியன்னாவில், பாஸ்டனில், மியூனிக்கில் என்று போன இடத்திலெல்லாம் பதிவு செய்தார். 1989 நவம்பரில் ஆட்சி விழுந்தது. மூட்டுவலியால் மேடையை விட்டு ஒதுங்கியிருந்தவர், 75 வயதில், 42 வருடத்துக்குப் பிறகு, அதே விழாவில், அதே ஆர்கெஸ்ட்ரா முன்னால் வந்து நின்றார். ஸ்மெதனா அரங்கில் ஜனாதிபதி ஹாவல் உட்கார்ந்திருந்தார்.

அந்த மாலையின் நேரடிப் பதிவுதான் சுப்ராஃபோன் வெளியிட்டது. விஷெஹ்ராடின் தொடக்கத்தில் இரண்டு ஹார்ப்புகள் மட்டும் தனியாக வரும். பழங்காலப் பாணன் கதை சொல்லத் தொடங்குவதுபோல. இங்கே அந்த ஹார்ப்புகள் அவசரமே இல்லாமல், அரங்கத்தின் மௌனத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வருகின்றன. முழுப் பதிவும் அகலமானது, வெதுவெதுப்பானது. கூர்மை என்று பார்த்தால் ஆன்செர்லுக்குப் பக்கத்தில் வராது. சில இடங்களில் வாத்தியங்கள் ஒன்றாக இறங்குவதில் மயிரிழை பிசகும். ஆனால் பிளானிக்கின் கடைசியில் ஹுஸ்ஸைட் பாடலும் விஷெஹ்ராடின் ஆரம்ப மெட்டும் ஒன்றாகச் சேரும்போது, அதை வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் தாங்கள் என்ன செய்கிறோம் என்பது தெரிந்திருக்கிறது. முதல்முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. மூன்றாவது முறையும்.

அப்படியானால் இதையல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று நண்பர் கேட்கலாம். நான் இப்படி யோசிக்கிறேன். இந்தப் பதிவின் பலத்தில் பாதி நாம் அதற்குக் கொண்டுவரும் செய்தியில் இருக்கிறது. 1948, 1989, வெளிநாட்டு வாழ்க்கை, திரும்பி வருதல், இதையெல்லாம் அறிந்து கேட்கும்போது அது மலைபோல நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு போட்டுக் கேட்க அது தோதுப்படாது. வருடத்துக்கு ஒருமுறை, மே 12 அன்று ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கவேண்டியது. ஒரே ஒரு பதிவை வைத்துக்கொண்டு வருடம் முழுக்கப் பழகப்போகிறவருக்கு அந்தச் செய்திகளின் துணை இல்லாமலேயே இசையை நிலைநிறுத்திக் காட்டுகிற பதிவு வேண்டும்.

இன்னொரு செக் நடத்துநரான நோய்மான் 1975 இல் செய்த பதிவும் பட்டியலில் வரும். வழுவழுப்பானது, அழகானது, எங்கும் உறுத்தாது. நோய்மானின் பெரிய சாதனை த்வோர்ஷாக் சிம்ஃபனிகள் என்று நினைக்கிறேன். இதற்கு அவரிடம் போகவேண்டியதில்லை. தாலிக்கிடம் பிராக்கில் படித்த ஆஸ்திரேலியர் சார்லஸ் மெக்கராஸின் நேரடிப் பதிவும் இருக்கிறது. விறுவிறுப்பானது, இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்கலாம்.

இன்னொன்றை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். 1939 மார்ச் 15 அன்று ஜெர்மானியப் படை பிராக்கில் நுழைந்தது. மூன்று மாதம் முடிவதற்குள், ஜூன் 5 அன்று, தேசிய நாடக அரங்கில் தாலிக் 'மா வ்லஸ்த்' முழுவதையும் நடத்தினார். அது வானொலியில் ஒலிபரப்பானது. அந்தப் பதிவு நார்வே வானொலியிடம் பிழைத்திருந்து, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சுப்ராஃபோன் சிடியாக வெளிவந்தது. ஒலி கரகரப்பானதுதான். கடைசி ஸ்வரம் முடிந்ததும் கைதட்டல் எழுகிறது. அது அடங்காமலேயே, யாரும் சொல்லாமல், மொத்த அரங்கும் செக் தேசிய கீதத்தைப் பாட ஆரம்பிக்கிறது. ஆக்கிரமிக்கப்பட்ட நகரத்தில். முதலாவதாக வாங்கவேண்டிய தட்டு இது என்று யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் மற்றதை வாங்கியவர் ஒருநாள் இதைக் கேட்காமல் விடக்கூடாது.

மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஷார்காவின் பிற்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் கட்டிவைக்கப்பட்டவள்போல நடித்த ஷார்காவிடம் ட்ஸ்டிராட் மயங்குகிறான். கிளாரினெட் அவள், செல்லோ அவன். பிறகு அவனும் அவனுடைய வீரர்களும் குடித்துவிட்டுச் சாய்கிறார்கள். பசூன் அடி ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக் குறட்டை விடுகிறது. தூரத்தில் ஒரு ஹார்ன் ஊதுகிறது. அவ்வளவுதான், பெண்கள் பாய்கிறார்கள். தாலிக் இந்த இடத்தைக் கிழவர் ஒருவர் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வதுபோல, குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். குபெலிக்கில் அந்த ஹார்ன் சோகமாக ஒலிக்கிறது, நடக்கப்போவதை நினைத்து அதற்கே வருத்தம்போல. ஆன்செர்ல் குறட்டைக்கும் ஹார்னுக்கும் இடையிலுள்ள அமைதியைச் சரியான அளவில் வைக்கிறார். ஹார்ன் வந்ததும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். பிறகு வரும் படுகொலை ஒரு தாளம்கூடத் தளராமல் கடைசிவரை ஓடுகிறது. கண்ணால் பார்க்காமலே நடந்ததெல்லாம் தெரிந்துவிடுகிறது.

எந்த வடிவத்தில் வாங்குவது என்பதும் பாதி முடிவு. பழைய எல்பி தட்டுகளின்மேல் எனக்கு ஆசை அதிகம். அறுபதுகளில் ஆர்ட்டியா என்ற அரசு ஏற்றுமதி நிறுவனம் மூலம் வெளிநாட்டுக்குப் போன சுப்ராஃபோன் தட்டுகள் இன்றும் பழைய தட்டுக் கடைகளில் கிடைக்கின்றன. எண்ணுக்கு முன்னால் எஸ்.யு.ஏ. எஸ்.டி. என்று இருந்தால் ஸ்டீரியோ, எஸ்.டி. இல்லாமல் வெறும் எஸ்.யு.ஏ. என்றிருந்தால் மோனோ. கவனிக்காமல் வாங்கிவிட்டு வருத்தப்படாதீர்கள். நான் ஒருமுறை வேறு விதமாக ஏமாந்தேன். ஒரு கடையில் உறை புத்தம் புதிதுபோல இருந்த இரட்டைத் தட்டை வெளியே எடுத்துப் பார்க்காமல் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து போட்டால், வல்தவாவின் புல்லாங்குழல்கள் அடுப்பில் கடுகு பொரிவதற்கு நடுவில் கேட்டன. உறையை நம்பாதீர்கள், தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

தட்டுகள் அச்சான ஊர் லொடெனிட்ஸெ, பிராக்குக்கு மேற்கே பெரோன் வட்டாரத்தில் இருக்கிறது. 1951 இல் அங்கே தொடங்கிய ஆலை இன்று உலகத்திலேயே மிகப் பெரிய வினைல் தட்டு ஆலைகளில் ஒன்று. தாலிக் தன் கடைசி வருடங்களைக் கழித்து 1961 இல் இறந்ததும் அதே பெரோனில்தான். மேடை கொடுக்கப்படாமல் வீட்டில் இருந்த அந்த மனிதரின் வட்டாரத்திலேயே, சில மைல் தொலைவில், அவருடைய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகிக்கொண்டிருந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும்.

ஆனால் 'மா வ்லஸ்த்'துக்கு எல்பியில் ஒரு தொந்தரவு உண்டு. ஆறு பாகங்களை நான்கு பக்கங்களில் பிரித்தாகவேண்டும். தாபோர் எந்தத் தாளத்தில் முடிகிறதோ அதே தாளத்தில்தான் பிளானிக் தொடங்குகிறது. தோற்றுப்போன போராளிகள் மலைக்குள் போவது ஒரே நடை. தட்டைத் திருப்புவதற்கு எழுந்துபோனால் அந்த நடை அறுந்துபோகும். ஆகையால் வாங்குமுன் இந்த இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா என்று பின்னட்டையில் பாருங்கள். சிடியில் இந்தக் கவலை கிடையாது. முழுப் படைப்பும் ஒரே சிடியில் அடங்கிவிடும்.

ஸ்ட்ரீமிங்கில் இந்தப் பதிவுகள் கிடைக்கின்றன. செலவு இல்லாமல் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே நல்ல வழி. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, ஆல்பத்தின் கீழே போட்டிருக்கும் ஆண்டு பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டு. 1963 என்று தேடினால் கிடைக்காது, நடத்துநர் பெயரையும் ஆர்கெஸ்ட்ரா பெயரையும் சேர்த்துத் தேடவேண்டும். இரண்டு, செயலியின் அமைப்பில் பாடல்களுக்கு இடையே இடைவெளி விடுவதையும் மங்கலாக்கிக் கலப்பதையும் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் எல்பியில் நடந்ததைவிட மோசமாக, தாபோரின் கடைசி அடிகளின்மேல் பிளானிக் ஏறி உட்கார்ந்துவிடும். சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் சுப்ராஃபோனின் சொந்த இணையக் கடையிலேயே தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக விற்கிறார்கள். தபால் செலவு, சுங்கம் என்று யோசிக்கிறவர்களுக்கு இது எளிது. எனக்கு சிடிதான் பிடிக்கும், குறிப்புப் புத்தகத்துக்காக. யார், எங்கே, எந்தத் தேதியில் வாசித்தார்கள் என்பதை அதில் அச்சிட்டிருப்பார்கள்.

ஆக, நண்பருக்கு நான் சொன்ன ஒரு வரியை இப்போது முழுதாக எழுதினால் இப்படி வரும். முதலில் ஆன்செர்ல் 1963, சிடியாகவோ ஃபிளாக்காகவோ. ஆறு மாதம் அதோடு இருங்கள். வல்தவாவை மட்டும் திரும்பத் திரும்பப் போடாமல் முழுதாகக் கேளுங்கள். வயல்வெளியின் அந்த மெல்லிய சரம் மனப்பாடமான பிறகு தாலிக் 1954 ஐத் திறவுங்கள்; மோனோ என்பது பத்து நிமிடத்தில் மறந்துபோகும். குபெலிக்கை அடுத்த மே 12 க்கு எடுத்துவையுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே இந்த இசை நன்றாகத் தெரியும் என்றால் வரிசையை மாற்றிவிடுங்கள்: தாலிக்கிலிருந்தே தொடங்கலாம். ஒலியின் தரம்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறவர், ஹாலில் நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர், குபெலிக்கையே முதலில் எடுத்தாலும் தப்பில்லை. டிஜிட்டல் பதிவு, அரங்கத்தின் காற்று முழுக்க அதில் இருக்கிறது.

நண்பர் ஆன்செர்லை வாங்கிவிட்டார். முந்தாநாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு செய்தி வந்தது: "பிளானிக்கில் ஒரு ஹார்ன் வருகிறதே, மேய்ப்பனுக்குப் பதில் சொல்கிற மாதிரி. அதை மூன்று தடவை பின்னால் தள்ளிக் கேட்டேன். அது நடுங்குகிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?"

நடுங்குகிறது என்று பதில் போட்டேன்.